பெட் ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் கேன்சரா? சார்காய்டோசிஸ் - புற்றுநோய் குழப்பம் ஏன் வருகிறது?

நெஞ்சுப் பகுதியில் நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருக்கின்றன என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்தால், வீட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி ‘கேன்சரா இருக்குமோ?’ என்பதுதான். அது புற்றுநோயாக இருக்கலாம். டிபி எனும் காசநோயாகவும் இருக்கலாம். இரண்டும் இல்லாமல், பலரும் கேள்விப்பட்டே இராத சார்காய்டோசிஸ் என்ற நோயாகவும் இருக்கலாம்.

இந்த மூன்றும் ஸ்கேனில் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் சிக்கல். ஆனால் மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. ஒரு நோய்க்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றை மோசமாக்கிவிடலாம், அல்லது கொஞ்ச நாளைக்கு மறைத்து வைத்துவிடலாம். அதனால் எது என்று உறுதி செய்யாமல் சிகிச்சையில் இறங்குவது ஆபத்து.

சார்காய்டோசிஸ் என்றால் என்ன, அதற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு, டாக்டர்கள் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

சார்காய்டோசிஸ்னா என்ன?

உடலுக்குள் கிருமியோ வேறு ஏதாவது அந்நியப் பொருளோ நுழைந்தால், நோய் எதிர்ப்பு செல்கள் அதைச் சுற்றி வளைத்து வேலி போடும். அப்படி உருவாகும் மிகச் சிறிய செல் கூட்டத்துக்கு கிரானுலோமா என்று பெயர். மைக்ராஸ்கோப்பில்தான் அதைப் பார்க்க முடியும்.

சார்காய்டோசிஸில் வெளிப்படையான எதிரி யாரும் இல்லாமலேயே இந்த கிரானுலோமாக்கள் உருவாகின்றன. ஏன் என்பதற்கு இதுவரை தெளிவான விடை இல்லை. மரபணு ரீதியாக வாய்ப்புள்ள ஒருவரின் உடல், சுற்றுச்சூழலில் உள்ள ஏதோ ஒன்றுக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுகிறது என்பதே பொதுவான கருத்து. இது தொற்றுநோய் கிடையாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. இது கேன்சரும் கிடையாது.

பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு நுரையீரலிலோ, நெஞ்சுக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளிலோ இந்த நோய் தெரியும். கண், தோல், கல்லீரல், இதயம், நரம்பு மண்டலம் என எந்த உறுப்பையும் தொடலாம். வறட்டு இருமல், மூச்சிரைப்பு, ஓயாத சோர்வு, லேசான காய்ச்சல், எடை குறைவது, கண் சிவந்து வலிப்பது, முழங்காலுக்குக் கீழே சிவந்த வலியுள்ள தடிப்புகள் வருவது ஆகியவை இதன் அறிகுறிகள். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் எதேச்சையாகக் கண்டுபிடிக்கப்படும்.

இந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை பாருங்கள். சோர்வு, எடை குறைவு, காய்ச்சல், இருமல் எல்லாமே நுரையீரல் புற்றுநோய்க்கும், லிம்போமா எனும் நிணநீர் புற்றுநோய்க்கும், டிபிக்கும் அப்படியே பொருந்தும். குழப்பம் ஆரம்பிப்பது இங்கேதான்.

பெயரிலேயே இருக்கும் குழப்பம்

இந்தக் குழப்பம் 100 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜோனத்தன் ஹட்சின்சன் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த நோயின் தோல் பாதிப்புகளை விவரித்தார். 1899-ல் நார்வே நாட்டுத் தோல் மருத்துவர் சீசர் போக், ஒரு நோயாளியின் தோல் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, அவை சார்கோமா என்ற புற்றுநோயைப் போலத் தெரிந்தன. ஆனால் நோயாளிக்கு இருந்தது சாதுவான கட்டிகள். அதனால் சார்கோமா மாதிரி இருப்பது என்ற பொருளில் ‘சார்காய்டு’ என்று பெயர் வைத்தார். அதுதான் பின்னாளில் சார்காய்டோசிஸ் ஆனது. ஆக, பெயர் வைத்த நாளிலிருந்தே இந்த நோய் கேன்சரின் நிழலில்தான் இருக்கிறது.

ஸ்கேனில் ஏன் கேன்சர் மாதிரியே தெரிகிறது?

பெட் ஸ்கேனுக்கு முன்பு, லேசான கதிரியக்கம் கொண்ட குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளை நரம்பில் ஊசி மூலம் செலுத்துவார்கள். வேகமாக வளரும் புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அதிகமாக இழுத்துக்கொள்ளும் என்பதால், அந்த இடங்கள் படத்தில் பிரகாசமாக ஒளிரும்.

ஆனால் குளுக்கோஸை அதிகம் இழுப்பது புற்றுநோய் செல் மட்டும் கிடையாது. சுறுசுறுப்பாக வேலை செய்யும் நோய் எதிர்ப்பு செல்களும் இழுக்கும். கிரானுலோமா முழுக்க முழுக்க அந்த மாதிரி செல்களால் ஆனது. அதனால் சார்காய்டோசிஸ் நெறிகளும் டிபி நெறிகளும் கேன்சர் போலவே பளிச்சென்று ஒளிரும். எவ்வளவு ஒளிர்கிறது என்பதை எஸ்.யூ.வி. என்ற எண்ணாக ரிப்போர்ட்டில் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து இது கேன்சர், இது சார்காய்டோசிஸ் என்று பிரிக்க முடியாது.

சி.டி. ஸ்கேனில் சில துப்புகள் கிடைக்கும். சார்காய்டோசிஸில் பெரும்பாலும் இரண்டு நுரையீரல்களின் வேர்ப் பகுதியிலும் நெறிகள் சமச்சீராக, கண்ணாடியில் பார்ப்பது போல வலமும் இடமும் ஒரே அளவில் வீங்கியிருக்கும். நுரையீரல் கேன்சரில் பொதுவாக ஒரு பக்கம் கட்டியும், அதே பக்கத்து நெறிகளும் முதலில் பெரிதாகும். ஆனால் இதெல்லாம் துப்புதான், தீர்ப்பு கிடையாது. லிம்போமாவிலும் இரண்டு பக்கமும் நெறிகள் வீங்கலாம்.

ரத்தப் பரிசோதனையும் கைவிட்டுவிடும். சார்காய்டோசிஸுக்காகப் பார்க்கப்படும் ‘ஏ.சி.இ.’ என்ற நொதி வேறு பல நோய்களிலும் கூடும். நோய் இருந்தும் கூடாமல் இருக்கலாம். ரத்தத்தில் கால்சியம் அளவு உயர்வதும் அப்படித்தான். சார்காய்டோசிஸில் கிரானுலோமாக்களே வைட்டமின் டி-யை வீரியமான வடிவத்துக்கு மாற்றுவதால் கால்சியம் ஏறுகிறது. சில புற்றுநோய்களில் கட்டி சுரக்கும் ஹார்மோன் போன்ற பொருளால் ஏறுகிறது. காரணம் வேறு, ரிப்போர்ட்டில் தெரியும் எண் ஒன்றுதான்.

நடுவில் நிற்கும் டிபி

உலகில் டிபி பாதித்தவர்களில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அதனால் நெஞ்சில் நெறி என்றாலே இங்கே டாக்டர்கள் முதலில் டிபியைத்தான் சந்தேகிப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் சோதனையில் உறுதி செய்யாமல் டிபி மருந்தை ஆரம்பித்து, பல மாதங்கள் கழித்தும் நெறி கரையாமல் இருக்கும்போதுதான் சார்காய்டோசிஸ் அல்லது லிம்போமா பற்றிய யோசனை வருகிறது. லிம்போமாவாக இருந்தால் அந்த மாதங்கள் திரும்பக் கிடைக்காதவை.

தலைகீழாகவும் நடக்கலாம். டிபி இருப்பவருக்கு சார்காய்டோசிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்து டிபி வேகமாகப் பரவும்.

பயாப்சி எப்படி எடுக்கிறார்கள்?

மூன்றில் எது என்று சொல்லும் அதிகாரம் கடைசியில் திசுவுக்குத்தான் இருக்கிறது. நெஞ்சுக்குள் இருக்கும் நெறியில் திசு எடுக்க, முன்பு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. இப்போது பெரும்பாலும் ‘ஈபஸ்’ என்ற முறை பயன்படுகிறது. நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்திய மெல்லிய குழாயை மயக்க மருந்து கொடுத்து வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் செலுத்துவார்கள். திரையில் நெறியைப் பார்த்தபடியே, மூச்சுக்குழாய்ச் சுவர் வழியாக ஊசியைச் செலுத்தி திசுவை எடுப்பார்கள். பொதுவாக அன்றைக்கே வீடு திரும்பலாம்.

அந்த மாதிரியில் மூன்று விஷயங்களைத் தேடுவார்கள்.

* புற்றுநோய் செல்கள் இருக்கின்றனவா?
* கிரானுலோமா இருக்கிறதா? டிபி கிரானுலோமாவின் நடுப்பகுதி பெரும்பாலும் செத்துப்போய் பாலாடைக்கட்டி போல இருக்கும். சார்காய்டோசிஸில் பெரும்பாலும் அப்படி இருக்காது. ஆனால் சில டிபி நோயாளிகளிடமும் இந்த அடையாளம் இருக்காது.
* டிபி கிருமி இருக்கிறதா? இதற்காக மூலக்கூறு பரிசோதனையும், கிருமி வளர்ப்புப் பரிசோதனையும் செய்வார்கள். முதலாவதற்கு சில மணி நேரம் போதும். கிருமி வளர்ப்பு முடிவு முழுமையாக வர சில வாரங்கள் ஆகும்.

லிம்போமா சந்தேகம் வலுவாக இருந்தால் ஊசியில் வரும் சிறிய திசு போதாமல் போகலாம். அப்போது ஒரு முழு நெறியையே அறுவை சிகிச்சை மூலம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ‘ஒருமுறை பயாப்சி எடுத்தாச்சே, இன்னொன்று எதுக்கு?’ என்று நோயாளிகள் கேட்பதுண்டு. இதுதான் காரணம்.

எல்லோருக்கும் பயாப்சி கட்டாயமா என்றால், இல்லை. காய்ச்சல், கணுக்கால் மூட்டு வலி, காலில் சிவந்த தடிப்பு, இரண்டு பக்கமும் சமச்சீராக நெறி வீக்கம் ஆகிய எல்லாம் ஒன்றாக வந்தால் அதற்கு லோஃப்கிரென் சிண்ட்ரோம் என்று பெயர். இந்த மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாதபடி சார்காய்டோசிஸ் அடையாளம் இருப்பவர்களுக்கு நெறியில் பயாப்சி எடுக்கத் தேவையில்லை என்று அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

கிரானுலோமா இருந்தா கேன்சர் இல்லைன்னு அர்த்தமா?

இல்லை. இந்த விஷயத்தில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள நெறிகளில், அந்தக் கட்டிக்கு எதிர்வினையாகவே கிரானுலோமாக்கள் உருவாகலாம். இதை சார்காய்டு போன்ற எதிர்வினை என்கிறார்கள். டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் பிரிங்கர் 1986-ல் வெளியிட்ட தொகுப்புக் கட்டுரையின்படி, கார்சினோமா வகைப் புற்றுநோய்களில் சுமார் 4 சதவீதத்திலும், ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாவில் சுமார் 7 சதவீதத்திலும், ஹாட்ஜ்கின் லிம்போமாவில் சுமார் 14 சதவீதத்திலும் இது காணப்படுகிறது.

அதாவது, ஊசி போய் எடுத்த நெறியில் கிரானுலோமா மட்டும் இருந்து, பக்கத்திலேயே கேன்சர் ஒளிந்திருக்கலாம். அதனால் ‘கிரானுலோமா உள்ளது’ என்ற ஒரு வரி ரிப்போர்ட்டை மட்டும் வைத்து டாக்டர்கள் முடிவெடுக்க மாட்டார்கள். சார்காய்டோசிஸ் என்றால் வேறு உறுப்புகளிலும் அடையாளம் இருக்கிறதா, ஒரு கட்டியைச் சுற்றி மட்டும் இருக்கிறதா, ஸ்கேனில் விளக்க முடியாத வேறு கட்டி ஏதாவது இருக்கிறதா என்று சேர்த்துப் பார்ப்பார்கள்.

ஸ்டேஜ் மாறிப்போகும் ஆபத்து

இதே விஷயத்தின் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. நுரையீரலில் சிறிய புற்றுநோய்க் கட்டி இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆரம்பக் கட்டம் என்பதால் அறுவை சிகிச்சை செய்து குணப்படுத்தும் வாய்ப்பு உண்டு. ஆனால் பெட் ஸ்கேனில் எதிர்ப்பக்க நெறிகளும் ஒளிர்கின்றன. அவற்றில் கேன்சர் பரவியிருந்தால் அது 3-ஆம் நிலையின் முற்றிய பிரிவு. வழக்கமாக அறுவை சிகிச்சை செய்ய மாட்டார்கள். அந்த நெறிகளில் இருப்பது வெறும் கிரானுலோமா என்றால், அறுவை சிகிச்சைக்கான கதவு திறந்தே இருக்கிறது.

படத்தை மட்டும் நம்பி முடிவெடுத்தால், குணமாகும் வாய்ப்புள்ள ஒருவர் அந்த வாய்ப்பை இழப்பார். அதனால்தான் சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடிய நெறி ஒளிர்ந்தால், அதில் திசு எடுத்து உறுதி செய்ய வேண்டும் என்று வலியுறுத்தப்படுகிறது.

மார்பகப் புற்றுநோய் போன்றவற்றுக்கு சிகிச்சை முடிந்து நன்றாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து எடுக்கும் ஸ்கேனில் நெஞ்சில் புதிதாக நெறிகள் ஒளிரும். ‘திரும்ப வந்துடுச்சு’ என்று குடும்பமே இடிந்துபோகும். பயாப்சியில் பார்த்தால் அது கிரானுலோமா என்று தெரியவந்த நோயாளிகள் பலர் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். திரும்ப வந்த கேன்சராகவே இருக்கவும் வாய்ப்பு உண்டு. எது என்று தெரியாமல் கீமோ ஆரம்பிக்கக் கூடாது என்பதே இதில் பாடம்.

இம்யூனோதெரபி கொண்டுவந்த புதுக் குழப்பம்

புற்றுநோய் செல்கள் நம் நோய் எதிர்ப்பு சக்திக்குப் பிரேக் போட்டுவிட்டுத் தப்பிக்கின்றன. அந்த பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள்தான் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், இபிலிமுமாப் போன்றவை. இந்த வழியைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பிரேக் இல்லாமல் ஓடும் நோய் எதிர்ப்பு சக்தி, சிலருக்கு கிரானுலோமாக்களையும் உருவாக்கிவிடுகிறது. அப்போது ஸ்கேனில் புதிய நெறிகள் தெரியும். மருந்து வேலை செய்யவில்லை, கேன்சர் பரவிவிட்டது என்று தோன்றும். உண்மையில் கட்டி சுருங்கிக்கொண்டே இருக்க, நெறி மட்டும் வீங்கியிருக்கலாம். இங்கேயும் திசு எடுத்துப் பார்ப்பதுதான் வழி. நல்ல பலன் தரும் மருந்தைத் தவறாக நிறுத்திவிடாமல் இருக்க இது உதவும்.

சார்காய்டோசிஸ் கேன்சராக மாறுமா?

கிரானுலோமா புற்றுநோயாக மாறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் சார்காய்டோசிஸ் உள்ளவர்களுக்கு, குறிப்பாக லிம்போமா போன்ற ரத்தம் சார்ந்த புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

2015-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல நாடுகளில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சார்காய்டோசிஸ் நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஒட்டுமொத்தப் புற்றுநோய் வாய்ப்பு 1.19 மடங்கு என்று அதில் தெரிந்தது. எளிமையாகச் சொன்னால், பொதுமக்களில் 100 பேருக்குக் கேன்சர் வரும் இடத்தில், அதே எண்ணிக்கையிலான சார்காய்டோசிஸ் நோயாளிகளில் சுமார் 119 பேருக்கு வரும். கவனிக்க வேண்டிய வித்தியாசம்தான், ஆனால் பயந்து நடுங்க வேண்டிய அளவு கிடையாது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஸ்வீடனில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சுமார் 10 ஆயிரம் நோயாளிகளை ஆராய்ந்தபோது, சார்காய்டோசிஸ் கண்டறியப்பட்ட முதல் ஓராண்டில்தான் கேன்சர் அதிகம் பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகு வித்தியாசம் குறைந்துவிட்டது. அந்த முதல் ஆண்டு கேன்சர்களில் ஒரு பகுதி, ஏற்கனவே ஒளிந்திருந்து சார்காய்டோசிஸ் என்று தவறாகக் கருதப்பட்டவையாக இருக்கலாம். அடிக்கடி ஸ்கேன் எடுப்பதால் சீக்கிரம் கண்ணில் பட்டவையாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும், முதல் ஓராண்டில் கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

சிகிச்சை: எப்போது மருந்து, எப்போது வெறும் கண்காணிப்பு?

சார்காய்டோசிஸ் உள்ள எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளில் தானாகவே அடங்கிவிடும். நுரையீரல் செயல்பாடு குறைந்தாலோ, கண், இதயம், நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டாலோ, கால்சியம் அதிகமாக ஏறினாலோ சிகிச்சை அவசியம்.

முதல் மருந்து பெரும்பாலும் பிரெட்னிசலோன் எனும் ஸ்டீராய்டு. வழக்கமாகத் தினமும் 20 முதல் 40 மில்லிகிராம் வரை ஆரம்பித்து, மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். சர்க்கரை ஏறுவது, எடை கூடுவது, எலும்பு பலவீனமாவது என்று இதற்குப் பக்கவிளைவுகள் அதிகம். நெதர்லாந்தில் 138 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2025-ல் வெளியான ஆய்வில், நுரையீரல் சார்காய்டோசிஸுக்கு முதல் மருந்தாக மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தாலும் ஸ்டீராய்டுக்குக் குறையாத பலன் கிடைத்தது. கட்டுப்படாத நோய்க்கு இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசி மருந்துகள் உண்டு. ஆனால் உடலில் தூங்கிக்கொண்டிருக்கும் டிபி கிருமியை அவை எழுப்பிவிடும் என்பதால், டிபி பரிசோதனை செய்த பிறகே தருவார்கள்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. ஸ்டீராய்டு லிம்போமா கட்டிகளையும் தற்காலிகமாகச் சுருக்கும். பயாப்சிக்கு முன்பே ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டால், நெறி கரைந்து, ‘மருந்து கேட்குது, அப்போ சார்காய்டோசிஸ்தான்’ என்று தோன்றும். பிறகு எடுக்கும் பயாப்சியிலும் லிம்போமா செல்கள் சரியாகத் தெரியாமல் போகலாம். சில மாதங்களில் கேன்சர் மீண்டும் தலைதூக்கும். அதனால் அவசர நிலை இல்லாதபோது, முதலில் திசு, பிறகு ஸ்டீராய்டு என்பதே பாதுகாப்பான வரிசை.

இரண்டும் சேர்ந்து இருந்தால்?

ஒரே நபருக்குக் கேன்சரும் சார்காய்டோசிஸும் சேர்ந்து இருப்பதும் உண்டு. அப்போது பொதுவாகக் கேன்சர் சிகிச்சைக்குத்தான் முன்னுரிமை. அறிகுறி இல்லாத சார்காய்டோசிஸைக் கண்காணித்தால் போதும். நுரையீரலில் ஏற்கனவே தழும்பு இருந்தால் கதிர்வீச்சு சிகிச்சையைக் கவனமாகத் திட்டமிட வேண்டும். இம்யூனோதெரபி கொடுத்தால் சார்காய்டோசிஸ் கிளம்ப வாய்ப்பு உண்டு என்பதால் கூடுதல் கண்காணிப்பு தேவை. தினமும் 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசலோன் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இம்யூனோதெரபியின் பலன் குறைவாக இருந்ததாகவும் ஆய்வுகள் உள்ளன. எனவே நுரையீரல் மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து பேசி முடிவெடுப்பது அவசியம்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

* என் நெறியில் திசு எடுத்துப் பார்த்தாச்சா? இல்லையென்றால் ஏன் தேவையில்லை?
* எடுத்த மாதிரியில் டிபிக்கான பரிசோதனையும் செய்யப்பட்டதா?
* கிரானுலோமா என்றால், லிம்போமா இல்லை என்று எவ்வளவு உறுதி? முழு நெறி பயாப்சி தேவையா?
* ஸ்டீராய்டு ஆரம்பிக்கும் முன் வேறு ஏதாவது பரிசோதனை பாக்கி இருக்கிறதா?
* கண் பரிசோதனை, இ.சி.ஜி., கால்சியம் அளவு ஆகியவை பார்க்கப்பட்டனவா?
* அடுத்த ஸ்கேன் எப்போது? எந்த மாற்றம் தெரிந்தால் மீண்டும் பயாப்சி?

இன்னொரு விஷயம்: சார்காய்டோசிஸ் உள்ளவர்கள் மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகவே வைட்டமின் டி, கால்சியம் மாத்திரைகளை வாங்கிப் போடக் கூடாது. கால்சியம் அளவு ஏறி சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

சார்காய்டோசிஸ் என்று உறுதியான பிறகும், இரவில் உடை நனையும் அளவு வியர்வை, வேகமாக எடை குறைவது, இருமலில் ரத்தம், கழுத்திலோ அக்குளிலோ ஒரு நெறி மட்டும் தொடர்ந்து பெரிதாவது, மருந்து எடுத்தும் நெறி கரையாமல் இருப்பது ஆகியவை தெரிந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஏற்கனவே போட்ட நோயின் பெயரை மறுபடி சரிபார்க்க வேண்டிய நேரம் அது. படபடப்பு, மயக்கம், திடீர் பார்வைக் குறைவு வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வது நல்லது.

*இந்தக் கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே. மருந்துகளைத் தொடங்குவது, நிறுத்துவது, மாற்றுவது போன்ற முடிவுகளை உங்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி எடுக்க வேண்டாம்.*